முகவரி உள்ளவர்களின் சட்டம்: தொழில் பதிவு விதிகளும் தாமிரபரணிப் பள்ளத்தாக்கின் தலித் மக்களும்

மும்பை கோட்டைப் பகுதியின் வாலஸ் தெருவில் 9ஆம் எண் கட்டடம், பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் நிறுவனத்தின் பதிவு அலுவலகமாகும். 1863இல் தொடங்கப்பட்ட அந்நிறுவனத்தின் 21 குறிகள் கொண்ட அடையாள எண்ணில், மாநிலத்தைக் குறிக்கும் இரண்டு எழுத்துகள் மகாராட்டிரத்துக்கு உரியவை. பதிவு வரிசை எண் 000002. திருநெல்வேலி மாவட்டத்தின் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி ஆகிய எஸ்டேட்டுகளில் தலைமுறை தலைமுறையாகத் தேயிலை பறித்த மக்களுக்குச் சட்டப்படி முதலாளி இருக்கும் இடம் அதுவே.

சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்ற 8,373 ஏக்கருக்கும் மேற்பட்ட மலைநிலத்தில் அந்நிறுவனம் தோட்டங்களை அமைத்தது. குத்தகை 2028 பிப்ரவரி 11 அன்று முடிவடைகிறது. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னதாகவே, 2024இல், விருப்ப ஓய்வுத் திட்டத்தை அறிவித்து, தொழிலாளர்கள் குடியிருப்புகளைக் காலி செய்ய வேண்டும் என்று நிறுவனம் கூறியது. அத்தொழிலாளர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள். குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை, பிள்ளைகளின் பள்ளிச் சான்று ஆகிய எல்லாவற்றிலும் அவர்களில் பலருக்கு இருந்த ஒரே முகவரி எஸ்டேட்டின் லயன் வீடு. வேலை போனால் வீடு போகும். வீடு போனால் முகவரியும் போகும். நிறுவனத்தின் முகவரிக்கோ எந்தச் சேதமும் இல்லை.

தொழில் நிறுவனங்களைப் பதிவு செய்யும் சட்டங்களையும் விதிகளையும் பற்றித் தலித் அரசியல் களத்தில் நாம் அதிகம் பேசுவதில்லை. அவை தணிக்கையாளர்களுக்கும் நிறுவனச் செயலர்களுக்கும் உரியவை என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் யார் மீது வழக்குத் தொடுக்கலாம், அழைப்பாணையை எங்கே சேர்ப்பிக்கலாம், யார் தொழில் தொடங்கலாம், யாருடைய பெயரை யார் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பனவற்றை முடிவு செய்பவை இவ்விதிகளே. இவற்றின் மையத்தில் 'முகவரி' என்ற ஒற்றைச் சொல் நிற்கிறது. ஊரும் சேரியும் பிரிந்து கிடக்கும் நாட்டில் முகவரி என்பது சாதியைச் சொல்லும் அடையாளம். அதை நடுநிலையான ஒரு தகவலாகக் கொண்டு எழுதப்பட்ட விதிகள், உழைப்பைப் பெறுபவருக்கு ஒளிந்துகொள்ள இடம் தருகின்றன. உழைப்பவர் தாமே தொழில் தொடங்க முனையும்போது வாசலிலேயே நிறுத்திவிடுகின்றன. இந்த இரண்டையும் சேர்த்தே திருத்த வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பதிவு அலுவலகம் என்னும் வாசல்

2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், 12ஆம் பிரிவின்படி, ஒவ்வொரு நிறுவனமும் தனக்கு வரும் எல்லாத் தகவல் தொடர்புகளையும் பெற்று ஒப்புகை தரத்தக்க ஒரு பதிவு அலுவலகத்தை வைத்திருக்க வேண்டும். 20ஆம் பிரிவின்படி நிறுவனத்துக்கான ஆவணங்கள் அங்கேயே சேர்ப்பிக்கப்படும். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 29ஆம் ஆணையும், செயலர், இயக்குநர் அல்லது முதன்மை அலுவலரிடமோ பதிவு அலுவலகத்திலோதான் அழைப்பாணையைச் சேர்ப்பிக்கச் சொல்கிறது. வழக்கைத் திருநெல்வேலியில் தொடுக்கலாம். வழக்கு மூலம் எழுந்த இடத்தில் நிறுவனத்துக்குக் கிளை இருந்தால் அங்கும் வழக்கு நிற்கும் என்று அச்சட்டத்தின் 20ஆம் பிரிவு கூறுகிறது. ஆனால் காகிதம் மும்பைக்கோ சென்னைக்கோ டெல்லிக்கோ பயணம் செய்தாக வேண்டும்.

தோட்டம் இயங்கும் வரை இந்தத் தொலைவு பெரிதாகத் தெரிவதில்லை. தோட்டத் தொழிலாளர் சட்டங்கள் எஸ்டேட் மேலாளரைப் பொறுப்பாளராகக் கண்டன. தொழிலாளர் ஆய்வாளர் வந்தால் மேலாளர் பதில் சொல்வார். தோட்டம் மூடப்படும்போது மேலாளரும் மலையிறங்கிவிடுவார். பணிக்கொடை, நிலுவை ஊதியம், மாற்று வீடு ஆகிய கேள்விகள் எழுவது அதன் பிறகுதான். கேள்வி எழும் வேளையில் பதில் சொல்ல வேண்டியவர் உள்ளூரில் இல்லாமற் போகும் இந்த இடைவெளியைப் பதிவுச் சட்டம் கண்டுகொள்வதே இல்லை.

இதே சட்டம் வெளிநாட்டு நிறுவனங்களிடம் வேறு விதமாகப் பேசுகிறது. இந்தியாவில் தொழில் நடத்தும் வெளிநாட்டு நிறுவனம், தன் சார்பில் அறிவிப்புகளைப் பெற அதிகாரம் பெற்ற, இந்தியாவில் வசிக்கும் ஒருவரின் பெயரையும் முகவரியையும் பதிவாளரிடம் அளிக்க வேண்டும் என்று 380ஆம் பிரிவு கட்டளையிடுகிறது. லண்டனில் இருக்கும் முதலாளியைத் தேடி இந்தியக் குடிமக்கள் அலையக் கூடாது என்ற நியாயம் அதில் இருக்கிறது. ஊத்து எஸ்டேட்டிலிருந்து வெளியேற்றப்படும் பெண் தொழிலாளிக்கு மும்பையும் லண்டனும் எட்டாத தொலைவில் ஒன்றுதான். அந்த நியாயம் ஏன் மாநில எல்லையில் நின்றுவிட வேண்டும்?

அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்கள் தம் எல்லைக்குள் பதிவாகும் நிறுவனம் அங்கேயே முகவரி கொண்ட ஒரு பதிவு முகவரை நியமிக்க வேண்டும் என்கின்றன. அந்த ஏற்பாட்டைப் பின்பற்றுவது மட்டும் போதாது என்பதையும் அந்நாடே காட்டுகிறது. டெலவேர் மாநிலத்தின் வில்மிங்டன் நகரில் ஒரே ஒரு கட்டடம் 2,85,000 நிறுவனங்களுக்கு முகவரியாக இருந்ததாக 2012இல் செய்தி வெளியானது. முகவர் இருந்தார்; அவர் கடிதம் வாங்கும் பெட்டியாக மட்டுமே இருந்தார். பின்னால் இருப்பவர் யார் என்று அறிவதற்காக 2021இல் அங்கு ஒரு சட்டம் வந்தது. 2025 மார்ச்சில் உள்நாட்டு நிறுவனங்களுக்கு அதிலிருந்து விலக்கு அளித்துவிட்டார்கள். பிரிட்டன் 2024 மார்ச் முதல் வெறும் அஞ்சல் பெட்டி எண்ணைப் பதிவு முகவரியாக ஏற்பதில்லை. அனுப்பும் கடிதம் பொறுப்பான ஒருவரின் கைக்குச் சேரக்கூடிய இடமாக இருக்க வேண்டும் என்கிறது. உள்ளூரில் ஒரு பொறுப்பாளர், அவருக்குப் பின்னால் உண்மையான உரிமையாளரின் பெயர் ஆகிய இரண்டும் சேர்ந்தால்தான் பதிவேடு பயன்படும்.

இலையும் தூளும் தருபவர் யார்?

மலையிலிருந்து கீழே இறங்குவோம். திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களின் கிராமங்களில் தலித் பெண்களும் இசுலாமியப் பெண்களும் பிற்படுத்தப்பட்ட சமூகங்களின் பெண்களும் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பீடி சுற்றுகிறார்கள். பீடி நிறுவனங்களிற் பல கூட்டாண்மை நிறுவனங்கள். இடையில் கான்ட்ராக்டர் இருப்பார். அவர் நடத்தும் பீடிக் கடையில்தான் இலையும் தூளும் வாங்கிச் சுற்றிய பீடியை ஒப்படைக்க வேண்டும். கம்பெனி என்பது பெண்களுக்குக் கட்டின் மேல் ஒட்டும் லேபிளின் பெயர் மட்டுமே.

முக்கூடல் அருகேயுள்ள ஒரு கிராமத்திலிருந்து எங்களிடம் வந்த அம்மா, இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒரே கடைக்குச் சுற்றியவர். வருங்கால வைப்பு நிதியைக் கேட்டபோது, பாஸ் புத்தகத்தில் இருக்கும் நிறுவனம் இப்போது இல்லை என்றார்கள். கடை அதே கடை, கான்ட்ராக்டர் அதே கான்ட்ராக்டர், தூளின் மணமும் அதே மணம். பெயர் மட்டும் வேறு. பழைய நிறுவனத்தின் முகவரிக்கு நாங்கள் அனுப்பிய பதிவு அஞ்சல் 'இந்த முகவரியில் இல்லை' என்ற குறிப்போடு திரும்பி வந்தது. கூட்டாண்மைப் பதிவேட்டின் நகலைப் பெற்றுப் பார்த்தோம். அதில் இருந்த பங்காளிகளில் இருவர் பல ஆண்டுகளுக்கு முன்பே இறந்துபோனவர்கள்.

இதை ஒரு நிறுவனத்தின் தந்திரமாக மட்டும் சுருக்கிவிட முடியாது. சட்டமே இதற்கு இடம் தருகிறது. 1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம், கிளைகளைத் திறப்பதையும் மூடுவதையும் (61ஆம் பிரிவு), பங்காளிகளின் பெயர், முகவரி மாற்றங்களையும் (62ஆம் பிரிவு), பங்காளிகள் சேர்வதையும் விலகுவதையும் (63ஆம் பிரிவு) பதிவாளருக்குத் தெரிவிக்க 'வேண்டும்' என்று சொல்லவில்லை. தெரிவிக்க'லாம்' என்றுதான் சொல்கிறது. 68ஆம் பிரிவின்படி பதிவேட்டில் கையொப்பமிட்டவருக்கு எதிராக அதில் உள்ள கூற்று முடிவான சான்று. இத்தனை வலிமையுள்ள பதிவேட்டைப் புதுப்பிப்பது பங்காளிகளின் விருப்பம் என்றால், அந்த வலிமையால் தொழிலாளிக்கு என்ன பயன்?

1978இல் உசைன்பாய் வழக்கில், நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அங்கம் வகித்த உச்ச நீதிமன்ற அமர்வு, இடைத்தரகர்கள் எத்தனை பேர் இருந்தாலும் தொழிலாளியின் வாழ்வாதாரத்தின் மீது பொருளாதாரக் கட்டுப்பாடு யாரிடம் உள்ளதோ அவரே உண்மையான முதலாளி என்று தீர்ப்பளித்தது. உயர்ந்த கோட்பாடு அது. அதை நீதிமன்றத்தில் நிலைநாட்ட, யாருக்கும் யாருக்கும் தொடர்பு என்று காட்டும் ஆவணம் தேவை. கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் தந்துவிட்டது. ஆவணத்தைத் தர வேண்டியது மாவட்டப் பதிவாளர் அலுவலகம். அங்கே இறந்தவர்களின் பெயர்கள் இருக்கின்றன.

நம்மிடம் கேட்கப்படும் சான்றுகள்

ஒருபுறம் இத்தனை தளர்வு. மறுபுறம், தலித் இளைஞர் ஒருவர் தொழில் தொடங்க முனைந்தால் என்ன நடக்கிறது?

நிறுவனப் பதிவு விதிகளின் (2014) 25ஆம் விதிப்படி, பதிவு அலுவலகத்துக்கு உரிமைப் பத்திரம் வேண்டும். அல்லது வாடகை ஒப்பந்தமும் ரசீதும் வேண்டும். அல்லது உரிமையாளரின் ஒப்புதலும் அவருடைய உரிமைக்கான சான்றும் வேண்டும். இவற்றோடு இரண்டு மாதத்துக்கு உட்பட்ட மின்கட்டண ரசீது போன்ற ஒன்று வேண்டும். சரக்கு மற்றும் சேவை வரிப் பதிவிலும் இதே கதைதான். கூட்டாண்மைச் சட்டத்தின் 58ஆம் பிரிவு தொழில் நடக்கும் இடத்தைக் கூறச் சொல்கிறதே தவிர, வீட்டு உரிமையாளரின் சம்மதத்தைக் கேட்கவில்லை. ஆனாலும் நடைமுறையில் வாடகை ஒப்பந்தமோ வரி ரசீதோ இல்லாமல் விண்ணப்பம் நகர்வதில்லை.

காலனி வீடுகளின் நிலை நமக்குத் தெரியும். ஆதிதிராவிடர் நலத்துறை வழங்கிய வீட்டுமனைப் பட்டா தாத்தாவின் பெயரில் இருக்கும். வாரிசுகளுக்குப் பிரித்து மாற்றப்பட்டிருக்காது. அல்லது கையெழுத்துப் பட்டா இருக்கும், கணினியில் ஏறியிருக்காது. புறம்போக்கில் குடியிருப்போருக்கு அதுவும் இல்லை. சரி, ஊருக்குள் வாடகைக்கு இடம் பிடிக்கலாம் என்றால் அங்கே காத்திருப்பது வேறு தடை.

அம்பாசமுத்திரம் வட்டத்தின் ஒரு காலனியைச் சேர்ந்த அண்ணன் தம்பி இருவர், ஹாலோ பிளாக் கல் தயாரிக்கும் தொழிலைத் தொடங்க விரும்பினார்கள். சாலையோரம் ஒரு கொட்டகையை வாடகைக்குக் கேட்டார்கள். இடத்துக்காரர் முன்பணத்தை வாங்கிக்கொண்டார். ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்டபோது அவர் சொன்ன பதில்: "இடத்த வச்சிக்கோ, கையெழுத்து மட்டும் கேக்காத." தம் இடம் காலனிக்காரருக்கு விடப்பட்டிருப்பது காகிதத்தில் பதிவாவதை அவர் விரும்பவில்லை. வேறு வழியின்றி, ஊருக்குள் இருந்த தெரிந்தவர் ஒருவரின் முகவரியை அவர்கள் பதிவுக்குக் கொடுத்தார்கள். வங்கிக் கடிதமும் வரி அறிவிப்பும் அந்த வீட்டுக்கே போயின. ஆறு மாதத்தில் முகவரி கொடுத்தவர் தொழிலில் பங்கு கேட்டார். தர மறுத்தபோது கடிதங்கள் வருவது நின்றது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த திருத்தங்கள், தொழில் கொள்ள மறுப்பதைப் 'பொருளாதாரப் புறக்கணிப்பு' என்ற வரையறைக்குள் கொண்டுவந்து, பட்டியலின மக்கள் மீது அதைச் சுமத்துவதைக் குற்றமாக்கின. கையெழுத்து மறுப்பும் அந்த வரையறைக்குள் வரத்தக்கதே. ஆனால் இடத்தைத் தந்துவிட்டுக் கையெழுத்தை மட்டும் மறுப்பவரின் மனத்தில் உள்ள காரணத்தை நீதிமன்றத்தில் நிறுவுவது எளிதன்று. வழக்குப் போட்டால் கொட்டகையும் போய்விடும். எனவே தண்டனைச் சட்டத்தை மட்டும் நம்பியிராமல், அந்தக் கையெழுத்தே தேவைப்படாதபடி விதியை மாற்றுவதுதான் முதல் வேலை.

முகவரியைக் காட்டிய பிறகும் சோதனை முடிவதில்லை. 2022 ஆகஸ்டில் சேர்க்கப்பட்ட 25பி விதியின்படி, நிறுவனங்களின் பதிவாளர் பதிவு அலுவலகத்தை நேரில் சரிபார்க்கலாம். அந்தச் சரிபார்ப்பு அவ்வட்டாரத்தைச் சேர்ந்த 'சார்பற்ற இரு சாட்சிகள்' முன்னிலையில் நடைபெற வேண்டும். அங்கே தொழில் நடக்கவில்லை என்று முடிவானால் நிறுவனத்தின் பெயரையே பதிவேட்டிலிருந்து நீக்கும் நடவடிக்கை தொடரலாம். போலி நிறுவனங்களைப் பிடிக்க வந்த விதி இது. நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சாதியால் பிளந்து கிடக்கும் கிராமத்தில் சார்பற்ற சாட்சி என்று யாரை அழைப்பார்கள்? காலனிக்காரரின் கம்பெனிக்கு ஊர்த்தெருவிலிருந்து இருவர் வந்து கையெழுத்திட வேண்டும் என்றால், தலித் தொழில்முனைவோரின் இருப்பை உறுதி செய்யும் அதிகாரம் மறுபடியும் யாரிடம் போகிறது?

பதிவு இல்லாமலே தொழில் நடத்தலாமே என்று கேட்கலாம். கூட்டாண்மைச் சட்டத்தின் 69ஆம் பிரிவு அதற்குப் பதில் சொல்கிறது. பதிவு பெறாத கூட்டாண்மை நிறுவனம், தான் செய்த ஒப்பந்தத்தின் பேரில் வெளியார் மீது வழக்குத் தொடுக்க முடியாது. வெளியார் அதன் மீது தொடுக்கலாம். கல்லை வாங்கிச் சென்ற கட்டட ஒப்பந்தக்காரர் பணம் தரவில்லை என்றால், அண்ணனும் தம்பியும் நீதிமன்றப் படியேற முடியாது. 100 ரூபாய்க்கு மேற்படாத கோரிக்கைக்கு மட்டும் இதில் விலக்கு உண்டு. 1932இல் வைத்த அந்த 100 ரூபாய் வரம்பு மையச் சட்டத்தில் இன்றும் மாறாமல் இருக்கிறது. விதிகளைப் புதுப்பிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

பெயர் கொடுத்தவர் தலையில் விழும் கடன்

தலித் தொழில்முனைவோருக்கென அரசுகள் திட்டங்கள் வகுத்துள்ளன. தமிழ்நாடு அரசு 2023இல் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 35 விழுக்காடு முதலீட்டு மானியமும் 6 விழுக்காடு வட்டி மானியமும் தருகிறது. ஒன்றிய அரசின் 2012ஆம் ஆண்டுக் கொள்முதல் கொள்கை, சிறு, குறு நிறுவனங்களிடமிருந்து வாங்குவதில் பட்டியலின, பழங்குடியினர் நிறுவனங்களுக்கென 4 விழுக்காட்டை ஒதுக்குகிறது. இவை நாம் போராடிப் பெற்றவை. இவற்றைச் சுற்றியே பினாமி வலையும் பின்னப்படுகிறது.

நடைமுறை எளியது. ஆதிக்கச் சாதியைச் சேர்ந்த ஒரு முதலாளி, தம்மிடம் வேலை செய்யும் தலித் தொழிலாளியைப் பங்காளியாகக் காட்டிக் கூட்டாண்மைப் பத்திரம் எழுதுகிறார். தொழிலாளிக்கு மாதம் ஒரு தொகை. காசோலைப் புத்தகத்தில் முன்கூட்டியே கையெழுத்து. மானியமும் ஒப்பந்தமும் முதலாளிக்கு. இதை 'வாய்ப்பைத் தவறாகப் பயன்படுத்துதல்' என்று மட்டும் பேசுகிறோம். பெயர் கொடுத்தவருக்கு நேரும் கதியைப் பேசுவதில்லை.

கூட்டாண்மைச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி, நிறுவனத்தின் செயல்கள் அனைத்துக்கும் ஒவ்வொரு பங்காளியும் சேர்ந்தும் தனித்தும் பொறுப்பாவார். கடன் ஒரு கோடி என்றால், அந்த ஒரு கோடியும் அந்தத் தொழிலாளியிடம் கேட்கப்படலாம். அவர் விலகிவிட்டேன் என்று சொன்னாலும், 32ஆம் பிரிவின்படி பொது அறிவிப்பு வெளியிடும் வரை பொறுப்பு தொடரும். பதிவு பெற்ற நிறுவனமானால், அந்த அறிவிப்புக்கு 72ஆம் பிரிவு வகுத்த வழி: பதிவாளருக்குத் தெரிவிப்பது, அரசிதழில் வெளியிடுவது, மாவட்டத்தில் புழங்கும் உள்ளூர்மொழி நாளிதழ் ஒன்றிலாவது வெளியிடுவது. கூலி வேலைக்குத் திரும்பிவிட்ட ஒருவர் அரசிதழ் விளம்பரத்துக்கு எங்கே போவார்? அவர் பெயர் பதிவேட்டிலேயே கிடக்கும். ஒரு நாள் வங்கியின் அறிவிப்பு வீடு தேடி வரும்.

நிறுவனங்களுக்கு 2018இலும், வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மைகளுக்கு 2023இலும், பின்னால் இருந்து பலனையும் கட்டுப்பாட்டையும் அனுபவிக்கும் உண்மை உரிமையாளரை வெளிப்படுத்தும் விதிகள் வந்துள்ளன. 1932ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்வரும் சாதாரணக் கூட்டாண்மைகளை அந்த வெளிச்சம் எட்டவில்லை. பீடி நிறுவனங்களும், ஒப்பந்தக்காரர்களும், பினாமிப் பத்திரங்களும் குவிந்திருப்பது அந்த இருட்டில்தான்.

மாநில அரசு செய்யக்கூடியவை

நிறுவனங்கள் சட்டம் ஒன்றிய அரசின் கையில் இருக்கிறது என்று சொல்லி மாநில அரசு ஒதுங்க முடியாது. கூட்டாண்மை, ஒப்பந்தங்களோடு சேர்த்துப் பொதுப் பட்டியலில் உள்ளது. கூட்டாண்மைச் சட்டத்தின் 71ஆம் பிரிவு, கட்டணம், படிவம், பதிவேட்டு முறை ஆகியவற்றை வகுக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்கே தருகிறது. பதிவாளரை நியமிப்பதும் மாநில அரசே. தொழிலாளர் நலனும் பொதுப் பட்டியலில் உள்ளது. மகாராட்டிரம் 1984லேயே இச்சட்டத்தைத் திருத்தி, மாற்றங்களை 90 நாட்களுக்குள் தெரிவிப்பதைக் கட்டாயமாக்கியது. அங்கு முடிந்தது இங்கு முடியாததற்குக் காரணம் இல்லை. எனவே நாம் ஐந்து மாற்றங்களைக் கோருகிறோம்.

முதலாவது, தொழில் முகவரிக்கு உரிமையாளரின் கையெழுத்தைக் கேட்பதை நிறுத்த வேண்டும். அந்த இடத்தில் தொழில் நடக்கிறது என்பதே கேள்வி. அந்த இடம் யாருடையது என்பதன்று. வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு, நிபந்தனைப் பட்டா, கிராம நிர்வாக அலுவலரின் சான்று ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று போதும் என விதி அமைய வேண்டும். நேரில் சரிபார்க்கும் இடங்களில் சாட்சிகளில் ஒருவராவது பட்டியலினத்தவராக இருக்க வேண்டும். இதற்காக ஒன்றிய விதியைத் திருத்துமாறு மாநில அரசு வலியுறுத்த வேண்டும்.

இரண்டாவது, பொதுச் சேர்ப்பு முகவரி வேண்டும். பதிவு முகவர் என்ற ஏற்பாட்டைப் பெருநிறுவனங்கள் ஒளிந்துகொள்ளப் பயன்படுத்தின. அதையே நாம் தலைகீழாகப் பயன்படுத்தலாம். ஒவ்வொரு மாவட்டத்திலும் தாட்கோ அலுவலகமோ மாவட்டத் தொழில் மையமோ, விரும்பும் தலித், பழங்குடித் தொழில்முனைவோருக்குக் கட்டணமின்றிப் பதிவு முகவரியாகச் செயல்படட்டும். வரும் கடிதங்களைப் பதிவு செய்து, குறுஞ்செய்தி அனுப்பி, கையில் சேர்க்கட்டும். முகவரி கொடுத்தவர் பங்கு கேட்கும் நிலை அப்போது நேராது.

மூன்றாவது, குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் தொழிலாளர்களை ஈடுபடுத்தும் எந்த நிறுவனமும், அதன் பதிவு அலுவலகம் எங்கிருந்தாலும், அந்த மாவட்டத்தில் வசிக்கும் ஒருவரை அறிவிப்புகளைப் பெறும் பொறுப்பாளராகப் பெயர் குறித்து அளிக்க வேண்டும். வீட்டில் இருந்தபடி வேலை செய்வோரும், கான்ட்ராக்டர் வழியாக வேலை செய்வோரும் அந்த எண்ணிக்கையில் அடங்க வேண்டும். தொழில் மூடப்பட்டாலும், கடைசித் தொழிலாளியின் கடைசி நிலுவை தீரும் வரை அந்தப் பொறுப்பு முடியக் கூடாது.

நான்காவது, பங்காளிகள் மாற்றத்தை 90 நாட்களுக்குள் பதிவு செய்வதைக் கட்டாயமாக்க வேண்டும். உண்மையான கட்டுப்பாடு யாரிடம் என்ற உறுதிமொழியும் அதோடு சேர வேண்டும். பங்காளியாகக் கையொப்பமிடுபவருக்கு அவர் ஏற்கும் கடன் பொறுப்பைத் தமிழில் படித்துக்காட்டிய பிறகே பதிவு நிகழ வேண்டும். விலகும் பங்காளியின் அறிவிப்பைப் பதிவுத்துறையே தன் இணையதளத்தில் இலவசமாக வெளியிட்டு, அதுவே போதிய பொது அறிவிப்பு எனச் சட்டம் ஏற்க வேண்டும்.

ஐந்தாவது, பதிவேடு தமிழில், கட்டணமின்றி, எவரும் தேடத்தக்கதாக இருக்க வேண்டும். லேபிள் பெயரைத் தட்டினால் நிறுவனத்தின் பெயரும், பங்காளிகளும், உள்ளூர்ப் பொறுப்பாளரும் தெரிய வேண்டும். நிறுவனங்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவே, தொழில் நடக்கும் ஒவ்வோர் இடத்திலும் நிறுவனத்தின் பெயரையும் பதிவு அலுவலக முகவரியையும் உள்ளூர் மொழி எழுத்துகளிலும் வெளியே எழுதி வைக்கச் சொல்கிறது. பதிவேடு தமிழில் வேண்டும் என்று கேட்பது அதற்கு அப்பாற்பட்ட கோரிக்கை அன்று.

இரண்டு மறுப்புகள்

தொழில் தொடங்குவதை எளிதாக்க வேண்டிய காலத்தில் புதிய சுமைகளா என்று கேட்பார்கள். யாருக்கு எளிது என்பதே நம் கேள்வி. முதல் இரண்டு மாற்றங்களும் இன்று தொழில் தொடங்க முடியாதவர்களுக்கு வழியை எளிதாக்குபவை. மூன்றாவது, பல நூறு பேரின் உழைப்பைப் பெறுபவர்களிடம் ஒரு பெயரையும் ஒரு முகவரியையும் மட்டுமே கேட்கிறது.

இன்னொரு மறுப்பு நம் தரப்பிலிருந்தே எழும். அதை நாம் மதிக்க வேண்டும். பதிவேடு திறந்திருந்தால் தலித் தொழில்முனைவோரின் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். வாடிக்கையாளர் விலகலாம், சாதி மறுப்புத் திருமணம் செய்தவர்களுக்கு ஆபத்தே நேரலாம். நியாயமான அச்சம் இது. தீர்வும் எட்டும் தூரத்தில் இருக்கிறது. பொதுமக்கள் பார்வைக்குச் சேர்ப்பு முகவரி மட்டும் தெரியட்டும்; வீட்டு முகவரி பதிவாளரிடம் மறைவாக இருக்கட்டும். பிரிட்டனில் இயக்குநர்களின் வீட்டு முகவரி இவ்வாறே காக்கப்படுகிறது. பெயரும் பொறுப்பும் வெளிப்படையாக, வீடு மட்டும் பாதுகாப்பாக என்பதே நாம் கேட்கும் சமநிலை.

2028க்கு முன்

1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக ஊர்வலமாக வந்தவர்கள், மாவட்ட ஆட்சியரிடம் ஒரு மனுவைச் சேர்ப்பிக்கவே திருநெல்வேலியில் திரண்டார்கள். காவல்துறையின் தடியடியால் தாமிரபரணியில் 17 உயிர்கள் போயின. அந்த நாளை ஒவ்வோர் ஆண்டும் நாம் ஆற்றங்கரையில் நினைவுகூர்கிறோம். ஒரு காகிதத்தை உரியவர் கையில் சேர்ப்பிப்பது நம் மக்களுக்கு எத்தனை கடினமானது என்பதை அந்த ஆறு அறியும்.

2024 டிசம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, தோட்டத்தைத் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஏற்று நடத்த வேண்டும் என்ற கோரிக்கையை ஏற்கவில்லை. 2028 பிப்ரவரியில் குத்தகை முடியும்போது மலை அரசிடம் திரும்பும். மும்பையில் பதிவு அலுவலகம் இருக்கும். இடையில், மலையிறங்கிய குடும்பங்கள் புதிய முகவரி தேடி நிற்கும். அவர்களின் பிள்ளைகளில் ஒருவர் நாளை அம்பாசமுத்திரத்திலோ கல்லிடைக்குறிச்சியிலோ ஒரு சிறு தொழிலைத் தொடங்க விண்ணப்பிப்பார். பதிவாளர் அலுவலகம் அவரிடம் முதலில் கேட்கப்போவது முகவரிச் சான்று. தாத்தாவும் பாட்டியும் தம் வாழ்நாள் முழுவதும் உழைத்த மலையில் அவருக்கு அது இல்லை. அதைத் தர மறுத்தவர்களிடமே போய்க் கையெழுத்துக் கேட்கும் நிலை அவருக்கு வரக் கூடாது என்றால், விதிகளைத் திருத்தும் வேலை இந்த இடைப்பட்ட காலத்திலேயே நடந்தாக வேண்டும். பதிவுத்துறையிடமும், தொழிலாளர் நலத்துறையிடமும், ஆதிதிராவிடர் நலத்துறையிடமும் இக்கோரிக்கைகளை மனுவாக அளிப்பதும், சட்டமன்றத்தில் எழுப்பச் செய்வதும் இனி நம் பணி.